விலக்கிய உணவை மீண்டும் சேர்க்கும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐந்து வாரம் பால், கோதுமை, பருப்பு வகைகளை நிறுத்தியதில் வயிற்று உப்புசம் குறைந்தது. திங்களன்று பால் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய் இரவு சப்பாத்தியும் குருமாவும் சாப்பிட்டேன். புதன் காலை வயிறு உப்பிவிட்டது. கோதுமைதான் காரணமா? (பாலக்கோடு வாசகி)

இருக்கலாம், ஆனால் நீங்கள் சோதித்த விதத்தில் அதை உறுதிசெய்ய வழியில்லை. பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காதவர்களுக்குத் தொந்தரவு பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். கோதுமையிலும் வெங்காயம், பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்தோ சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல்வரை சென்று, அங்கே நுண்ணுயிர்களால் நொதித்த பிறகே வாயுவாகிறது என்பதால், இரவு உண்டதன் விளைவு மறுநாள் காலையில் தெரிவது இயல்பே. ஆகவே சப்பாத்தியின் மீது விழும் பழி குருமாவின் வெங்காயத்துக்கும் உரியதாக இருக்கக்கூடும்.

ஒரே உணவை மூன்று நாள் தொடர்ந்து, முதல் நாள் சிறிதளவு, இரண்டாம் நாள் அதைவிடக் கூடுதலாக, மூன்றாம் நாள் வழக்கமாக உண்ணும் அளவு என்று எடுத்துப் பாருங்கள். தொந்தரவு வந்தால் அங்கேயே நிறுத்தி, வயிறு பழைய நிலைக்குத் திரும்பும்வரை காத்திருங்கள். தொந்தரவு இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்ட பிறகே அடுத்த உணவுக்குப் போக வேண்டும். தேறிய உணவையும் சோதனை முழுவதும் முடியும்வரை ஒதுக்கியே வைப்பது நல்லது. கோதுமையைச் சோதிப்பவர் வெங்காயம் சேராத தொட்டுகையுடன் வெறும் சப்பாத்தியை உண்ண வேண்டும். பரோட்டாவும் பிஸ்கட்டும் இதற்கு உதவா, ஏனெனில் அவற்றில் பாலோ முட்டையோ கலந்திருக்கக்கூடும். நேரம், அளவு, தூக்கம், மாதவிடாய் நாள், உட்கொண்ட மாத்திரை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒருமுறை வந்த தொந்தரவைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், சில வாரம் கழித்து அதே உணவை மறுபடி சோதித்து அது திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமலே பல உணவுகளை ஆண்டுக்கணக்கில் ஒதுக்கி வைத்திருப்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன்.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் செலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையை, கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் முடிவில் தெரியாமல் போகலாம். அந்த நோய் உள்ளவர்களுக்கு ராகி ஏற்றதுதான். ஆனால் கோதுமை அரைத்த மில்லிலேயே ராகியையும் அரைத்தால் கோதுமை மாவு கலந்துவிடும்.

மாம்பழத்தை மறுபடி சேர்த்தேன். வயிறு சரியாகவே இருந்தது. ஆனால் இரண்டாம் நாள் உதட்டைச் சுற்றி அரிப்பும் சிறு கொப்புளங்களும் வந்தன. (காவேரிப்பட்டணம் வாசகர்)

மாந்தோப்புகள் நிறைந்த உங்கள் பகுதியிலிருந்து இக்கேள்வி வந்ததில் வியப்பில்லை. காம்பிலிருந்து வழியும் பாலிலும் தோலிலும் உள்ள பிசின் சிலரின் சருமத்தில் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத் தடிப்பை உண்டாக்கும். முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெயும் சேராங்கொட்டையும் புண்ணாக்குவது இதே வகையில்தான். மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே இது பழச் சதையால் வந்த கோளாறாக இல்லாமல், பழத்தைத் தோலோடு கடித்ததால் வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். தடிப்பு ஆறிய பின், சரும மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வேறொருவர் கழுவித் தோல் சீவித் தந்த துண்டுகளை முள்கரண்டியால் எடுத்து உண்டு பாருங்கள். உண்ட சில நிமிடங்களிலேயே உதடு வீங்கினாலோ தொண்டை அடைத்தாலோ அது வேறு வகை ஒவ்வாமை. அப்போது வீட்டுச் சோதனை கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஐஜிஜி பரிசோதனை செய்து தருவதாக ஓர் ஆய்வகம் சொல்கிறது. செய்யலாமா? (ஓசூர் வாசகர்)

வேண்டாம். ஐஜிஜி என்பது இரத்தத்தில் உள்ள ஓர் எதிர்ப்புப்பொருள். அது நீங்கள் அவ்வுணவை உண்டிருக்கிறீர்கள் என்பதையே காட்டும். ஐரோப்பிய ஒவ்வாமை மற்றும் நோயெதிர்ப்பியல் கழகம் 2008இலேயே, உணவு ஏற்காமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியுள்ளது.

என் குழந்தைக்குக் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி) இருப்பதால் ஓராண்டாக முட்டை தரவில்லை. இப்போது வீட்டிலேயே தொடங்கலாமா? (அரூர் வாசகி)

மருத்துவரைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். உணவால் கரப்பான் கிளர்ந்தால் அது ஆறு மணி முதல் இரண்டு நாள்வரை தாமதித்தும் தெரியலாம். ஆனால் உங்கள் நிலையில் அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. நீண்ட காலம் ஒதுக்கிய உணவைத் திரும்பக் கொடுக்கும்போது, முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை சில குழந்தைகளுக்குத் தோன்றியதுண்டு. மூச்சு இரைப்பு, முகவீக்கம், உடலெங்கும் தடிப்பு எது வந்தாலும் 108ஐ அழையுங்கள்.

ராகிக் களி ஒத்துக்கொள்கிறது. கொள்ளு ரசம் ஊற்றிச் சாப்பிட்டால் மறுநாள் வயிறு இரைகிறது. ரசம் நீர்தானே? (ஊத்தங்கரை வாசகர்)

அந்த நீரில்தான் காரணம் இருக்கக்கூடும். பருப்பு வகைகளில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்கள் நீரில் கரைபவை. வேகவைத்த நீரையே ரசமாக்கும்போது கரைந்தவை அனைத்தும் தட்டுக்கு வந்துவிடுகின்றன. இரவு முழுவதும் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டுக் கடைந்த கொள்ளை இரண்டு கரண்டி மட்டும் மூன்று நாள் எடுத்துப் பாருங்கள். அது ஒத்துக்கொண்டால், இடைவெளி விட்டு ரசத்தைத் தனியாகச் சோதிக்கலாம். அப்போது பூண்டைத் தட்டிப் போடாதீர்கள்.