பனியில் அம்மாவின் முகம் ஏன் இருண்டு போகிறது?

கேள்வி: அம்மா மலையில் கொழுந்து எடுக்கும்போது போனில் படம் எடுப்பேன். பனி இறங்கியிருந்தால் படம் முழுக்கச் சாம்பல் நிறம், அம்மாவின் முகமும் இருண்டுவிடுகிறது. நல்ல கெமரா வாங்கினால் சரியாகுமா?
- வாசகி, மஸ்கெலியா

பதில்: அவசரப்பட்டுக் காசைச் செலவழிக்காதீர்கள் தங்கச்சி, புதுக் கெமராவிலும் பெரும்பாலும் இதேதான் வரும். முன்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கெமரா வெளிச்சத்தை அளக்கிறது. பனியோ வெள்ளை, அதைப் பார்த்ததும் வெளிச்சம் கூடிவிட்டதென்று தானாகக் குறைத்துவிடுகிறது, கூடவே முகமும் இருண்டுவிடுகிறது. திரையில் அம்மாவின் முகத்தைத் தொடுங்கள், பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும், அதை மெல்ல மேலே தள்ளுங்கள். கெமரா என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எடுக்கும் வெளிச்ச அளவை, பிளஸ் 1 வரை கூட்டிப் பார்க்கலாம்.

உண்மையில் முகத்தைப் படமெடுக்கப் பனியைப்போல நல்ல வெளிச்சம் கிடையாது. வெளிச்சம் வரும் இடம் எவ்வளவு பெரிதோ, நிழலின் விளிம்பு அவ்வளவு மென்மையாக இருக்கும். பனியில் வானம் முழுவதுமே விளக்குதான். உச்சி வெயிலில் சூரியன் ஒரு சின்னப் புள்ளி, கண்குழி இரண்டும் கறுத்துவிடும். ஏப்ரல் முதல் பாதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நம் மலைநாட்டில் சூரியன் நேர் தலைக்கு மேலேயே வருவதால் இன்னும் மோசம். அப்போது மர நிழலை நம்பாதீர்கள், இலை இடுக்கால் விழும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக விழும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் கூரை நிழல் நல்லது. சுற்றுலாக்காரர் எடுத்த கொழுந்துப் படங்கள் ஏராளம் இருக்கின்றன, மகள் எடுத்த அம்மா படம்தான் நமக்கு வேண்டும்.

கேள்வி: லயன் காம்பராவுக்குள் அப்பாயியைப் படம் எடுத்தால் ஒரே மஞ்சள். பிளாஷ் போட்டால் முகம் வெளுத்து, பின்னால் ஒரே இருட்டு.
- வாசகர், பொகவந்தலாவை

பதில்: பிளாஷ் மாதிரிச் சின்ன விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். அதனால்தான் கிட்ட இருக்கும் முகம் வெளுக்கிறது, சுவர் இருட்டாகிறது. மஞ்சளுக்குக் காரணம் குண்டு பல்ப். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட நீலம். பல்பின் நிறம் ஏறக்குறைய 2700 கெல்வின், பகல் வெளிச்சம் 5500 கிட்ட; இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். ஆகவே பல்பை அணைத்துவிட்டு இஸ்தோப்புப் பக்கக் கதவை முழுக்கத் திறந்து வையுங்கள். வாசலிலிருந்து கொஞ்சம் உள்ளே, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி அப்பாயியை உட்கார வைத்தால் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் அழகாகத் தெரியும். அப்புறம், மறுபக்கம் ரொம்ப இருண்டால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் துணியை யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே போதும்.