அலெக்சாண்டர் போனதுக்கப்புறம் கிரேக்கக் கலாச்சாரம் எப்படிப் பரவுச்சு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கிரேக்க நாகரிகத்தை உலகம் பூரா பரப்பணும்னுதான் அலெக்சாண்டர் படையெடுத்தான்னு ஸ்கூல்ல படிச்சோம், நிஜமா?

பதில்: இல்லப்பா. பாரசீகம் முன்னாடி கிரேக்கத்து மேல படையெடுத்ததுக்குப் பழி வாங்கறோம்னுதான் கெளம்பும்போது சொன்ன காரணம், அதுவும் அவங்கப்பா பிலிப் போட்ட திட்டம். கிமு 334ல ஆசியாவுக்குள்ள வந்தான், 323 ஜூன்ல பாபிலோன்ல செத்துட்டான், 33 வயசு கூட ஆகல. நடுவுல இருந்த வருஷமெல்லாம் சண்டை, முற்றுகை, நடைன்னே போயிடுச்சு, உக்காந்து ஆட்சி பண்ண நேரமே கெடைக்கல. ஜெயிச்சப்புறம் அவனே பாரசீக ராஜா மாதிரி உடுத்த ஆரம்பிச்சான், கீழ விழுந்து கும்பிடுங்கன்னான், கூட வந்த அவன் சொந்த நாட்டு மாசிடோனியாக்காரங்களுக்கு அது பிடிக்கவே இல்ல. 324ல பாரசீகத் தலைநகரங்கள்ல ஒண்ணான சூசாவுல தளபதிங்க சுமார் 80 பேருக்கு பாரசீகப் பெரிய எடத்துப் பொண்ணுங்களைக் கட்டி வச்சான், அதுவும் பாரசீக முறைப்படி. இதெல்லாம் பாத்தா அவன் அந்தப் பக்கம் சாஞ்ச மாதிரிதான் எனக்குத் தெரியுது.

கேள்வி: அப்ப 70 ஊர் கட்டினான்னு சொல்றாங்களே?

பதில்: அது புளூட்டார்க்ங்கற கிரேக்க எழுத்தாளர் சொன்ன கணக்கு, அவர் 400 வருஷத்துக்கு மேல கழிச்சு எழுதினவர். இன்னைக்கு ஆராய்ச்சியாளர்கள் ஒத்துக்கற எண்ணிக்கை இதுல ரொம்பக் கம்மி. எகிப்துல இருக்கற அலெக்சாண்டிரியா பெருசா வளந்துச்சு, அதையும் வளத்தது அவனோட தளபதி டாலமி ஆரம்பிச்ச வம்சம். கிழக்குல போட்டதெல்லாம் பெரும்பாலும் காவல் ஊருதான், அடிபட்டவன், வயசானவன், கூலிப்படைக்காரன்னு விட்டுட்டுப் போன எடம். அங்க உக்காந்தவங்களுக்கு இருக்கவே இஷ்டமில்ல, ராஜா செத்தான்னு சேதி வந்ததும் பாக்ட்ரியா (இன்னைய வட ஆப்கானிஸ்தான்) பக்கம் 20,000 காலாளும் 3,000 குதிரைவீரனும் சேந்து 'ஊருக்குப் போறோம்'னு கெளம்பிட்டாங்க, பீத்தோன்ங்கற தளபதியை அனுப்பி அடக்கினாங்க, சரணடைஞ்சவங்களையும் மாசிடோனிய வீரங்க வெட்டிப்போட்டதா டயடோரஸ்ங்கற பழைய வரலாற்று ஆசிரியர் எழுதறார். நாகரிகம் பரப்பின கதைன்னு பேசும்போது இந்த ஆளுங்களையும் நெனைக்கணும், அதுக்குத்தான் விளக்கமா சொல்றேன்.

கேள்வி: பின்ன யாருதான் பரப்பினது?

பதில்: அவனுக்கு அப்புறம் வந்த தளபதிங்களும், அவங்க கூப்பிட்டதுக்கு நிலம் கெடைக்கும்னு நம்பி வந்த சாதாரண குடும்பங்களும். அந்தத் தளபதிங்கள்ல ஒருத்தரான செலூக்கஸுக்கு சிரியாலேர்ந்து ஆப்கானிஸ்தான் வரைக்கும் ஆள வேண்டியிருந்துச்சு, நம்பிக்கையான படையும் கணக்கெழுத ஆளும் வேணும், அதனால புது ஊரு கட்டி கிரேக்கத்துலேர்ந்து ஆளைக் கொண்டாந்து குடிவச்சாரு, அந்தியோக்கியா, டைகிரிஸ் கரையில செலூக்கியா எல்லாம் அப்படி வந்ததுதான். வரி ரசீது, கோர்ட் மனு எல்லாம் கிரேக்க பாஷையில ஆனதும், வேலை வேணும்னா அந்த பாஷை தெரியணும்னு ஆயிடுச்சு. சூசாவுல கட்டி வச்ச கல்யாணங்கள்ல பெரும்பாலானது அலெக்சாண்டர் செத்ததும் முறிஞ்சுபோச்சுன்னு சொல்லுவாங்க, செலூக்கஸ் தனக்குக் கட்டி வச்ச சோக்டியானா (இன்னைய உஸ்பெகிஸ்தான் பக்கம்) பொண்ணு அபாமாவை விடல, அவங்க பையன்தான் அடுத்த ராஜா அந்தியோக்கஸ். அந்த ராஜாவுக்கே பாதி ஈரானிய ரத்தம்.

கேள்வி: கிழக்குல கிரேக்க ஊரு எப்படி இருந்துச்சுன்னு ஏதாவது ஆதாரம் இருக்கா அக்கா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்துட்டிருந்தேன்! ஐ கானூம்னு தேடிப்பாருங்க. ஆப்கானிஸ்தானோட வடக்கு எல்லையில ஆமு தரியாவும் கோக்சா ஆறும் கூடற எடம், 1961ல ராஜா ஜாகிர் ஷா வேட்டைக்குப் போனப்ப ஊர்க்காரங்க ஒரு தூண் தலையைக் காட்டினாங்க, பிரெஞ்சுக்காரங்க தோண்டினா முழு நகரமே இருக்கு. தியேட்டர், உடற்பயிற்சிக்கூடம், கொரிந்திய தூண் எல்லாம் உண்டு. அரண்மனையோட அமைப்பு மட்டும் பாரசீகம், பெரிய கோயிலோட சுவரு மெசபடோமியா பாணி, ஆனா உள்ள இருந்த சாமி சிலையோட பாதத்துல கிரேக்கச் செருப்பு, அதுல ஜீயஸோட மின்னல் குறி. டெல்ஃபி கோயில்ல இருந்த நீதிமொழிகளை கிளியார்க்கஸ்னு ஒருத்தர் அங்கயே போயி எழுதிட்டு வந்து இங்க கல்லுல வெட்டி வச்சிருக்காரு, 'சின்னப் பிள்ளையில ஒழுங்கா இரு, இளமையில அடக்கமா இரு'ன்னு தொடங்கி சாவு வரைக்கும் போகுது. பாப்பிரஸ் தாளு மக்கிப்போயும் அதுல இருந்த மசி மண்ணுல ஒட்டிட்டிருந்துச்சு, படிச்சா தத்துவ உரையாடல்! 1978ல போர்ச் சூழலால தோண்டறது நின்னுச்சு, அப்புறம் கொள்ளைக்காரங்க அந்த எடத்தையே குழி குழியா ஆக்கிட்டாங்க, நெனச்சாலே வயிறு எரியுது.

கேள்வி: பஞ்சாப் ராஜா போரஸ் தான் ஜெயிச்சாராமே?

பதில்: இல்ல. 326ல ஜீலம் கரையில அலெக்சாண்டர்தான் ஜெயிச்சான், போரஸுக்கே நாட்டைத் திருப்பிக் குடுத்தான். பியாஸ் ஆத்தங்கரையில படை நகர மறுத்ததாலதான் திரும்பினான்.

கேள்வி: உள்ளூர் சனங்க எல்லாரும் கிரேக்கமா மாறிட்டாங்களா?

பதில்: எங்க மாறினாங்க? எகிப்துல கிராமத்துல அவங்க பாஷைதான், அதனாலதான் கிமு 196 ரொசெட்டா கல்லுல ராஜாவைக் கொண்டாடி பூசாரிங்க போட்ட ஆணையை மூணு எழுத்துல வெட்ட வேண்டியிருந்துச்சு. டாலமி வம்சம் அங்க 300 வருஷம் இருந்துச்சு, அதுல எகிப்து பாஷை கத்துக்கிட்ட முதல் ஆளு கடைசியில வந்த கிளியோபாட்ரான்னு புளூட்டார்க்கே சொல்றாரு. யூதர்களைப் பாருங்க, அலெக்சாண்டிரியாவுல இருந்தவங்க தங்களோட வேதத்தையே கிரேக்கத்துல மொழிபெயர்த்தாங்க, ஆனா ஜெருசலேம்ல செலூக்கஸ் வம்சத்து ராஜா நாலாம் அந்தியோக்கஸ் கோயில்ல கை வச்சதும் கிமு 167ல ஆயுதம் எடுத்தாங்க. தனக்கு வேண்டியதை எடுத்துக்கறதும் திணிச்சா எதிர்க்கறதும் ஒரே இனத்துக்குள்ள நடந்திருக்கு.

கேள்வி: காந்தார புத்தர் சிலை அலெக்சாண்டர் ஆளுங்க செஞ்சதா?

பதில்: நேரடியா இல்ல, அதெல்லாம் பெரும்பாலும் நாலஞ்சு நூற்றாண்டு கழிச்சு குஷாணர் காலத்துல. ஆனா கலப்பு அதுக்கு முன்னாடியே இருக்கு, அகத்தோக்ளிஸ்னு ஒரு கிரேக்க ராஜா காசுல கிருஷ்ணரையும் பலராமரையும் போட்டான், ஹீலியோடோரஸ்னு ஒரு கிரேக்கத் தூதர் மத்தியப் பிரதேசம் விதிஷா பக்கத்துல வாசுதேவருக்குக் கருடத் தூணே நட்டாரு, இன்னும் நிக்குது.

கேள்வி: நம்ம தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பு?

பதில்: அலெக்சாண்டரோட இல்ல, அவன் வாரிசுங்களோட இருக்கு. அசோகரோட 13வது பாறைக் கல்வெட்டை எடுத்துக்கங்க, அந்தியோக்கஸ், டாலமின்னு அஞ்சு கிரேக்க ராஜாக்களைப் பேர் சொல்லிட்டு அடுத்தபடியா தெற்கே சோழர், பாண்டியர்னு வருது. கிபி 2ஆம் நூற்றாண்டுல சேரர் துறைமுகமான முசிறி (இன்னைக்கு கேரளாவுல) வியாபாரத்துக்குப் போட்ட கடன் ஒப்பந்தம் ஒண்ணு வியன்னாவுல இருக்கு, எகிப்து அப்ப ரோம் கையில, ஆனா ஒப்பந்தம் எழுதினது கிரேக்க பாஷையில. சரக்கு தந்தமும் கங்கைப் பக்கத்து வாசனைத் தைலப் பொருளும், வந்த கப்பல் பேரு ஹெர்மபோலோன்.