சிஏஜி அறிக்கை தாக்கலான பிறகு என்ன ஆகிறது? நாடாளுமன்றம் அரசின் செலவை எப்படித் தட்டிக் கேட்கிறது?

"இத்தனை ஆயிரம் கோடி இழப்பு என்று சிஏஜி அறிக்கை வருகிறது, இரண்டு நாள் அமளி நடக்கிறது, அப்புறம் சத்தமே இல்லை. நாடாளுமன்றம் அதற்குப் பிறகு ஏதாவது செய்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (சிஏஜி என்பவர் அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்.)

செய்கிறது. ஆனால் அந்த வேலை நடப்பது டிவியில் தெரியும் அவையில் இல்லை. கேமரா நுழையாத நாடாளுமன்றக் குழு அறையில். அங்கே அரசைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு காகிதம்தான்: தணிக்கைப் பத்திக்கு (சிஏஜி அறிக்கையில் ஒரு குறையை விவரிக்கும் பகுதி), என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அமைச்சகம் எழுதிக் கொடுக்கும் நடவடிக்கைக் குறிப்பு. தலைப்புச் செய்தியில் வரும் கோடிக் கணக்கை விட, அந்தக் குறிப்பில் என்ன எழுதினார்கள், அதைக் குழு ஏற்றதா இல்லையா என்பதைப் பார்ப்பவருக்குத்தான் உண்மை நிலவரம் தெரியும்.

செலவுக்கு முந்தைய கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியல் சாசனத்தின் 113ஆவது பிரிவுப்படி மானியக் கோரிக்கைகள் (அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் தொகைகள்) மக்களவையில் வாக்கெடுப்புக்கு வர வேண்டும். 114ஆவது பிரிவுப்படி நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறாமல் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் முக்கியக் கருவூலத்திலிருந்து, பணம் எடுக்க முடியாது. பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் துறைவாரி நிலைக்குழுக்கள் (மொத்தம் 24, ஒவ்வொன்றிலும் 31 பேர்) கோரிக்கைகளைப் படித்து அறிக்கை தருகின்றன. ஆனால் அவையில் ஒரு சில அமைச்சகங்களுக்கு மேல் விவாதத்துக்கு எடுப்பதில்லை. மிச்சமெல்லாம் 'கில்லட்டின்' என்ற முறையில், கடைசி நாளில், மொத்தமாக நிறைவேறும். 2018லும் 2023லும் ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் முழு பட்ஜெட்டும் நிறைவேறியது. கேட்ட தொகையில் ஒரு ரூபாய் வெட்டு, நூறு ரூபாய் வெட்டு என்று எதிர்ப்பைக் காட்ட உறுப்பினர்கள் கொடுக்கும் வெட்டுத் தீர்மானங்களும் அதோடு போய்விடும். ஆகவே முன்கூட்டியே தடுக்கும் வாசல் நடைமுறையில் பலவீனமானது. கேள்வி கேட்கும் பாரம் முழுக்கச் செலவுக்குப் பிந்தைய தணிக்கையின் மேல் விழுகிறது.

ஒரு தணிக்கைப் பத்தி உருவாவது இப்படி. சிஏஜியின் தணிக்கையாளர்கள் அரசு அலுவலகத்துக்கு வந்து கோப்புகளைப் பார்க்கும்போது, முதலில் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை கொடுப்பார்கள். அதற்கு வரும் பதிலையும் சேர்த்து ஆய்வறிக்கை போகும். அதற்கு 4 வாரத்தில் பதில் வர வேண்டும். விஷயம் கனமானது என்றால் வரைவுப் பத்தியாகி, துறைச் செயலர் பெயருக்கே போகும். அதற்கு 6 வாரம். பிறகு துறையோடு நிறைவுக் கூட்டம், அதன்பின் இறுதி அறிக்கை. மத்திய அரசு பற்றியது குடியரசுத் தலைவருக்கும், மாநில அரசு பற்றியது ஆளுநருக்கும் போய், அவையில் வைக்கப்படும். ஆக, அறிக்கை அச்சாவதற்கு முன்பே துறைக்குப் பதில் சொல்ல மூன்று வாய்ப்பாவது கிடைத்திருக்கிறது. அப்படியும் பல பத்திகள் "அமைச்சகத்தின் பதில் இன்னும் பெறப்படவில்லை" என்ற வரியோடு, மாதமும் ஆண்டும் போட்டு முடியும். "எங்களைக் கேட்காமலே எழுதிவிட்டார்கள்" என்று பிறகு யாராவது சொன்னால், அந்தப் பத்தியின் கடைசி வரியைத்தான் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்று 151ஆவது பிரிவு சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. டெல்லியில் 14 சிஏஜி அறிக்கைகள் சட்டமன்றத்துக்கு வராமலே தேங்கின. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தாமதத்தைக் கண்டித்தது; ஆனாலும் சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லி உத்தரவிட மறுத்துவிட்டது. ஆட்சி மாறிய பிறகு, பிப்ரவரி மாதக் கடைசியில்தான் அவை ஒவ்வொன்றாக அவைக்கு வரத் தொடங்கின. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும். அறிக்கை கிடைத்த அடுத்த கூட்டத்தொடரிலேயே வைத்தாக வேண்டும் என்று சட்டத்தில் எழுதாத வரை இது அடைபடாது.

அடுத்தது அந்தக் 'கோடி இழப்பு'. தணிக்கை மொழியில் இதற்குப் பல வகைகள் உண்டு, செய்தியில் எல்லாமே 'இழப்பு' ஆகிவிடும். பணம் கொடுத்தும் பலன் வராதது பயனற்ற செலவு. கவனமாக இருந்தால் மிச்சப்பட்டிருக்கும் என்பது தவிர்த்திருக்கக்கூடிய செலவு. கட்டடம் எழும்பி, மின் இணைப்பு வராமல் பூட்டிக் கிடந்தால் முடங்கிய முதலீடு. இப்படி விற்றிருந்தால் இவ்வளவு வந்திருக்கும் என்பது அனுமான இழப்பு. 2010 நவம்பரில் வைக்கப்பட்ட 2ஜி (செல்போன் அலைக்கற்றை ஒதுக்கீடு) அறிக்கையில் வெவ்வேறு முறைகளில் போட்ட கணக்குகள் இருந்தன: ரூ. 57,666 கோடியில் தொடங்கி ரூ. 1,76,645 கோடி வரை. நாடு முழுக்கப் பரவியது கடைசி எண் மட்டும். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. ஒதுக்கிய முறை தவறா என்பது ஒரு கேள்வி; யாராவது குற்றம் செய்ததாக நிரூபணமானதா என்பது வேறு கேள்வி. தணிக்கை பேசுவது முதல் கேள்வியை மட்டும்.

டெல்லியையும் ஹரியானாவின் குருகிராமையும் இணைக்கும் துவாரகா எக்ஸ்பிரஸ்வே பற்றிய பத்தியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பாரத்மாலா என்ற மத்திய நெடுஞ்சாலைத் திட்டம் பற்றிய அறிக்கை 2023 ஆகஸ்டில் வந்தது. கிலோமீட்டருக்கு ரூ. 18.20 கோடி என்று பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்திருக்க, இந்த 29 கிலோமீட்டர் சாலைக்கு ரூ. 250.77 கோடி வீதம் அனுமதி போயிருந்தது. "14 மடங்கு" என்று எல்லோரும் எழுதினார்கள். 18.20 என்பது 34,800 கிலோமீட்டருக்கான நாடு தழுவிய சராசரி, உயர்மட்டச் சாலையும் சுரங்கமும் கொண்ட ஒன்றை அதோடு ஒப்பிடக்கூடாது என்றது அமைச்சகம். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்தியின் உயிர் அடுத்த வாக்கியத்தில் இருந்தது. ஹரியானா பகுதியில் 90 மீட்டர் அகல நிலம் கையில் இருந்தது. 14 வழிச்சாலையைத் தரையிலேயே போட 70 முதல் 75 மீட்டர் போதும். பிறகு ஏன் 8 வழியை மேலே தூக்கி, 6 வழியைக் கீழே வைத்தார்கள்? அதற்கான காரணம் கோப்பில் பதிவாகவில்லை என்றது தணிக்கை. நாடாளுமன்றம் பிடித்துக் கேட்க வேண்டியது அந்த 14 மடங்கை இல்லை. அந்த வடிவமைப்பு முடிவு எந்தத் தேதியில், யார் கையெழுத்தில், எந்த மாற்று மதிப்பீட்டோடு ஒப்பிட்டு எடுக்கப்பட்டது என்பதைத்தான். சராசரியைச் சொல்லி அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது.

இனி குழு. சிஏஜி அறிக்கைகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழு 1921 முதல் இருக்கிறது. இப்போது 22 பேர்: மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. ஒற்றை மாற்று வாக்கு முறையில் (விருப்ப வரிசைப்படி வாக்களிப்பது) ஒவ்வொரு ஆண்டும் தேர்தல். அமைச்சர் உறுப்பினராக முடியாது. 1967இல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த மினு மசானி தலைவரானது முதல், தலைமை எதிர்க்கட்சிக்கு என்பது மரபு. அரசு நிறுவனங்களுக்குத் தனியாகப் பொது நிறுவனங்கள் குழு (1964 முதல்), சிக்கனம் பற்றிப் பார்க்க மதிப்பீட்டுக் குழு.

ஆண்டுத் தொடக்கத்தில் தணிக்கைப் பத்திகளில் சிலவற்றைப் பொதுக் கணக்குக் குழு விரிவான ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும். எடுக்காதவற்றுக்கும் விடுதலை கிடையாது. அறிக்கை அவையில் வைக்கப்பட்ட 4 மாதத்துக்குள், தணிக்கைத் துறை சரிபார்த்த நடவடிக்கைக் குறிப்பை அமைச்சகம் அனுப்பியாக வேண்டும். எடுத்துக்கொண்டவற்றுக்கு முதலில் எழுத்து வடிவில் கேள்விப் பட்டியல் போகும், பிறகு துறைச் செயலர் நேரில் வந்து சாட்சியம் தருவார். அமைச்சரை அழைப்பதில்லை, நிதி விதிகளின்படி அமைச்சகத்தின் தலைமைக் கணக்குப் பொறுப்பாளர் செயலர்தான். சிஏஜி குழுவுக்கு உதவியாக உட்கார்ந்திருப்பார். கொள்கை சரியா என்று குழு கேட்காது. அந்தக் கொள்கைக்கு ஒதுக்கிய பணம் அதற்கே, முறையாக, வீணாகாமல் போனதா என்று கேட்கும்.

நல்ல உறுப்பினருக்கும் சாதாரண உறுப்பினருக்கும் வித்தியாசம் இங்கே தெரியும். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் "நிலம் எடுப்பதில் சிக்கல்" என்ற பதில் தயாராக இருக்கும். "ஒப்பந்தம் போட்ட தேதியில் எத்தனை சதவீத நிலம் கைவசம் இருந்தது? இல்லாமல் ஏன் பணி ஆணை கொடுத்தீர்கள்? ஒப்பந்ததாரருக்கு முன்பணம் எந்தத் தேதியில் போனது?" என்று கேட்டால் செயலர் கோப்பைத் திறந்தே தீர வேண்டும்.

குழு அறிக்கை தந்தபின் அரசுக்கு 6 மாதம். அந்தப் பதில்களை வைத்துக் குழு இன்னொரு அறிக்கை வெளியிடும். இதைப் பத்திரிகைகள் கண்டுகொள்வதே இல்லை, ஆனால் எனக்கு இதுதான் முழு நடைமுறையிலும் மதிப்புள்ள ஆவணம். அதில் 2ஆம் அத்தியாயம் முதல் பரிந்துரைகள் பிரித்து வைக்கப்பட்டிருக்கும்: அரசு ஏற்றவை, பதில் பார்த்துக் குழு மேலே தொடர விரும்பாதவை, பதிலை ஏற்காமல் குழு மீண்டும் வலியுறுத்துபவை, இடைக்காலப் பதில் மட்டும் வந்தவை. 4ஆம் அத்தியாயத்தை, அதாவது 'மீண்டும் வலியுறுத்துபவை'யை முதலில் படியுங்கள். அரசும் குழுவும் உண்மையில் மோதுகிற இடம் அதுதான். 5ஆம் அத்தியாயம், அதாவது இடைக்காலப் பதில்கள், நீளமாக இருந்தால் அமைச்சகம் இழுத்தடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

எங்கே சறுக்குகிறது? குழுவின் ஆயுள் ஓர் ஆண்டு. உறுப்பினர் விஷயத்தைப் பிடிப்பதற்குள் காலம் முடிகிறது. பதில் சொல்ல வரும் செயலர் பெரும்பாலும் அந்த முடிவை எடுத்தவராக இருக்க மாட்டார். எடுத்தவர் இரண்டு மாற்றல் தாண்டி வேறெங்கோ இருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். பரிந்துரைக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. எல்லாவற்றையும் விட, கட்சி எல்லை கடந்த இணக்கம்தான் இந்தக் குழுவின் பலம். அது உடைந்தால் குழு ஊமையாகிவிடும். 2011 ஏப்ரலில் அப்போதைய எதிர்க்கட்சியான பாஜகவின் முரளி மனோகர் ஜோஷி தலைமையில் தயாரான 2ஜி வரைவு அறிக்கையை 21 உறுப்பினர்களில் 11 பேர் நிராகரித்தார்கள். சபாநாயகர் மீரா குமார் அதைத் திருப்பி அனுப்பினார். அவ்வளவு பெரிய விவகாரத்தில் குழுவின் குரல் வெளியே வராமல் போனது நாட்டுக்கு நஷ்டம்.

நீங்களே பார்க்க விரும்பினால்: சிஏஜி இணையதளத்தில் மாநில அறிக்கைகள் தமிழிலும் கிடைக்கும். பெரிய ஊழல் பத்தியைத் தேடுவதற்கு முன் நிதி ஒதுக்கீட்டுக் கணக்கையும் மாநில நிதிநிலை பற்றிய சிஏஜி அறிக்கையையும் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, மார்ச் மாதச் செலவு. கடைசிக் காலாண்டில் 33 சதவீதம், மார்ச்சில் 15 சதவீதம் என்பது மத்திய அரசின் உச்சவரம்பு. ஒரு தலைப்பில் பாதிப் பணம் மார்ச்சில் போயிருந்தால் அது உண்மையில் செலவாகாமல், ஏதோ ஒரு வைப்புக் கணக்குக்கு நகர்ந்திருக்கலாம். இரண்டு, ஒதுக்கியதை மீறிய செலவு. அதைக் குழு பரிசீலித்து, அவை தனியாக ஒப்புதல் தர வேண்டும். மூன்று, நிலுவையில் உள்ள பயன்பாட்டுச் சான்றிதழ்கள், அதாவது கொடுத்த மானியம் உரிய வேலைக்கே செலவானது என்ற சான்றுகள். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் வர வேண்டியவை இவை. கீழ்நிலை அலுவலகத்தின் வங்கிக் கணக்குக்குப் பணம் போனதையே 'பயன்பட்டது' என்று சான்றளிக்கும் பழக்கம் பரவலாக இருப்பதால், வந்த சான்றிதழையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

உங்கள் ஊர்ப் பாலமோ மருத்துவமனையோ ஒரு பத்தியில் இருந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ. 10 கட்டி, அறிக்கையின் ஆண்டு, பத்தி எண் இரண்டையும் குறிப்பிட்டு, "இந்தப் பத்திக்குத் துறை அனுப்பிய பதிலின் நகல், அனுப்பிய தேதி" என்று மட்டும் கேளுங்கள். "என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வரும், நகல் கேட்டால் ஆவணத்தைத் தேடித் தர வேண்டும். அறிக்கை அவைக்கு வருவதற்கு முன் கேட்டால் அவை உரிமை மீறல் என்று 8(1)(சி) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். குழு அந்தப் பத்தியை ஆய்வுக்கு எடுத்து, இன்னும் அறிக்கை தராத நிலையிலும் அதே காரணம் வரலாம். பதிலே அனுப்பப்படவில்லை என்று தெரிய வந்தால் அந்தக் கடிதத்தை உங்கள் எம்.பி. அல்லது எம்.எல்.ஏ.வுக்கும் குழுச் செயலகத்துக்கும் அனுப்புங்கள். பதில் அனுப்பாததற்கு அந்தத் துறையே கொடுத்த எழுத்துச் சான்று அது.