வீட்டுப் பாதுகாப்புக்கு முதல் துப்பாக்கி: எதை வாங்குவது?

கேள்வி: டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் மாடி வீடு. போன வருடம் எங்களுக்குக் கிரீன் கார்டு வந்தது. நான், மனைவி, ஏழு வயது மகள். வருடத்தில் ஐந்தாறு மாதம் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவார்கள். தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு போனதிலிருந்து ஒரு துப்பாக்கி வாங்கி வைக்கலாமா என்று யோசனை. இதுவரை துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. கடைக்காரர் 12 கேஜ் ஷாட்கன் என்கிறார். ஆபீஸ் நண்பர் ஏஆர்-15 ரைஃபிள் என்கிறார். மனைவிக்குச் சின்ன ரிவால்வர்தான் சரி என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?

பதில்: வீட்டுத் திருட்டுகளில் பெரும்பாலானவை ஆளில்லாத நேரத்தில் நடப்பவை. அப்போது அலமாரியில் சும்மா கிடக்கும் துப்பாக்கி திருடனுக்குத்தான் லாபம். அதனால் கடைக்குப் போகும் முன் வாசல் கதவைக் கொஞ்சம் பாருங்கள். பூட்டின் நாக்கு போய் விழும் தகட்டைக் கழற்றினால், பல வீடுகளில் குட்டை ஸ்க்ரூ இரண்டுதான் இருக்கும். ஓங்கி ஓர் உதை விட்டால் சட்டம் பிளந்துவிடும். 3 அங்குல ஸ்க்ரூ போட்டால் சுவருக்குள் இருக்கும் மரத்தூண் வரை போய்ப் பிடிக்கும். சில டாலர் செலவு, பத்து நிமிட வேலை. கூடவே வெளியே சென்சார் விளக்கு, ஓர் அலாரம். இதெல்லாம் ஆன பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று தோன்றினால் மேலே பேசலாம்.

சட்டப்படி உங்களுக்குத் தடை இல்லை. கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். டெக்சாஸில் அதற்கென்று மாநில அனுமதிச் சீட்டோ பதிவோ கிடையாது. கடையில் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்புவீர்கள், எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை நடக்கும். கடைகளில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். இதே கேள்வியை நியூ ஜெர்சியிலோ கலிபோர்னியாவிலோ இருந்து கேட்டிருந்தால் பதிலே வேறு. நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கிக்குப் போலீஸ் வழியாக முன் அனுமதி வாங்க வேண்டும். கலிபோர்னியாவில் 10 நாள் காத்திருப்பு உண்டு, மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. அங்கே இருக்கும் நண்பர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. எச்-1பி, எச்-4, எஃப்-1, சுற்றுலா விசா என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி இடத்தில், வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும். அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார், ஆசைக்கு நாலு ரவுண்டு சுடட்டும், ஒரு போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் லாக்கரின் எண்ணும் அப்பா அம்மாவுக்குத் தெரியக் கூடாது. இதில் சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள், கடைக்காரரை அல்ல.

சரி, எந்தத் துப்பாக்கி? வீட்டில் அதை எடுக்க வேண்டிவரும் இருவரில் கை சிறியவர் யாரோ, பழக்கம் குறைந்தவர் யாரோ, அவரை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

ஷாட்கன்னைப் பற்றி ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது: ரவை பரவும், குறி பார்க்கவே வேண்டாம், தோட்டா ஏற்ற முன்பிடியை (பம்ப்) இழுக்கும் சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான் என்று. ஒரு படுக்கையறையின் நீளத்தில், பெரிய குண்டுகள் கொண்ட பக்‌ஷாட் ரவை உள்ளங்கை அகலம்தான் பரவும். அதனால் குறி பார்த்தே ஆக வேண்டும். சுட்டதும் பின்னால் வரும் 12 கேஜின் உதை புதியவரின் தோளை நன்றாகவே பதம் பார்க்கும். இரண்டு ரவுண்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு சுட ஆரம்பிப்பவர்கள் உண்டு. பதற்றத்தில் பம்ப்பை முழுக்க இழுக்காமல் பாதியில் விட்டால் அடுத்த தோட்டா ஏறாது. மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 இரண்டும் அருமையான துப்பாக்கிகள், மறுக்கவில்லை. ஆனால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், மூன்று கிலோ எடை, இரண்டு கையும் வேண்டும். உங்களுக்கு ஒரு கை மகளைப் பிடிக்கவும் போனைப் பிடிக்கவும் தேவைப்படும். ஷாட்கன்தான் என்று மனம் முடிவாகிவிட்டால் குழல் சிறிய, உதை குறைந்த 20 கேஜ் எடுங்கள்.

சின்ன ரிவால்வர் யோசனையை விட்டுவிடுங்கள். பெண்கள் என்றாலே சிறிய துப்பாக்கியை நீட்டுவது கடைக்காரர்கள் பலருக்கு வழக்கம். துப்பாக்கி சிறிதாகவும் லேசாகவும் ஆக ஆக உதை கூடும், குறி கெடும். அரைக் கிலோகூட இல்லாத ஐந்து தோட்டா ரிவால்வரின் விசையை இழுக்கச் சுமார் ஐந்து கிலோ அழுத்தம் வேண்டும். அதை இழுப்பதற்குள் முனை ஆடிவிடும். பாக்கெட்டில் வைத்துக்கொள்ள, பழகியவர் கைக்கு அது நல்ல ஆயுதம். முதல் துப்பாக்கியாக அல்ல.

ஏஆர்-15 விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. உதை மிகக் குறைவு, பின்கட்டையை நீட்டிச் சுருக்கலாம் என்பதால் இருவருக்கும் பொருந்தும், புதியவர்கூட முதல் நாளே குறியில் அடிப்பார். சுவரைத் துளைக்கும் என்று பயப்படுவார்கள். அமெரிக்க வீட்டின் உட்சுவர் ஜிப்சம் பலகைதானே, வேலைக்கு ஆகும் எந்தத் தோட்டாவும் அதைத் துளைக்கும், 9 எம்.எம்.மும் சேர்த்து. எனக்கு இடிக்கிற விஷயம் வேறு. மூடிய அறைக்குள் அதன் சத்தமும் அதிர்வும் கடுமை. எந்தத் துப்பாக்கியானாலும் காதுக்கு ஆபத்தான 140 டெசிபலைத் தாண்டும்தான், ரைஃபிள் இன்னும் மோசம். கட்டிலருகே பூட்டி வைக்கவும் பெரிய பெட்டி வேண்டும். ஒரு வருடம் பழகிய பிறகு ஆசை இருந்தால் பார்க்கலாம்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, நடுத்தர அளவு 9 எம்.எம். பிஸ்டல். கிளாக் 19 இந்த அளவுக்குப் பழைய உதாரணம், 15 தோட்டா பிடிக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், சிக் சாவர், வால்தர் என்று இதே அளவில் நல்லவை நிறைய இருக்கின்றன. 9 எம்.எம். போதுமா என்று கடையில் யாராவது உதட்டைப் பிதுக்கினால் கவலைப்படாதீர்கள், எஃப்.பி.ஐ.யே .40 தோட்டாவை விட்டு இதற்குத் திரும்பிவிட்டது. வீட்டில் வைப்பதற்கு ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும்) தோட்டா, பயிற்சிக்குச் சாதாரண தோட்டா.

வாங்கும் முன் ரேஞ்சில் மூன்று நான்கு மாடல்களை வாடகைக்கு எடுத்து இருவரும் சுட்டுப் பாருங்கள். மனைவிக்கு ஸ்லைடை (தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் பிஸ்டலின் மேல்பகுதி) இழுக்க வரவில்லை என்றால் பெரும்பாலும் அது பலக் குறைவு அல்ல, பிடிக்கும் விதம். இரண்டு விரலால் கிள்ளி இழுக்கக் கூடாது. விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, முனை பாதுகாப்பான திசையைப் பார்க்க, துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவர வேண்டும். இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து முழுதாகப் பற்றிக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும். இழுப்பதைவிடத் தள்ளுவது எளிது. அப்படியும் வராவிட்டால் ஷீல்டு ஈசி என்ற மாடல் இருக்கிறது. ஸ்லைடு லேசாக நகரும்படியே செய்தது, 8 தோட்டா.

அப்புறம் விளக்கு. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஜெட் லாகில் இரவு மூன்று மணிக்குக் கீழே இறங்கி, லைட் போட்டால் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்று இருட்டிலேயே காபிப் பாத்திரத்தைத் தேடும் அப்பாவை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். யார் என்று கண்ணால் பார்க்காமல் விசையில் விரல் போகக் கூடாது. துப்பாக்கியில் மாட்டும் விளக்கோடு தனியாக ஒரு கை டார்ச்சும் வையுங்கள். துப்பாக்கி விளக்கை மட்டும் நம்பினால், பார்க்கிற ஒவ்வொருவர் மேலும் துப்பாக்கியை நீட்டியதாகிவிடும். சத்தம் கேட்டால் முதல் வேலை குரல் கொடுப்பது: “யாரு, அப்பாவா?”

படி இறங்கி வீடு முழுக்கத் தேடப் போகாதீர்கள், அது பயிற்சி பெற்ற போலீஸ்காரர்களே தனியாகச் செய்யத் தயங்கும் வேலை. மகளையும் பெற்றோரையும் ஓர் அறைக்குக் கூட்டிவந்து, கதவை அடைத்து, 911 அழைத்து அங்கேயே இருங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து படிக்கட்டை நோக்கினால் பின்னால் எந்தச் சுவர், அதற்குப் பின்னால் யார் அறை என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். போலீஸ் வந்ததும் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது.

லாக்கருக்குத் துப்பாக்கியின் விலையில் பாதியாவது ஒதுக்குங்கள். பட்டன் அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டு எனக்குப் பிடித்தது. பேட்டரி தீரும் பிரச்சினை இல்லை. கட்டிலோடோ சுவர்த் தூணோடோ போல்ட் போட்டு இறுக்குங்கள். டெக்சாஸில் கவனக்குறைவால் 17 வயதுக்குட்பட்டவர் கைக்குச் சுடத் தயாரான துப்பாக்கி கிடைத்தால் பெரியவர்மீது வழக்கு வரும். அதைவிடப் பெரிய விஷயம், 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையானவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனம் உடைந்திருக்கும் காலம் என்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் வெளியேற்றுங்கள். உதவிக்கு 988 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

செலவு: பிஸ்டல் ஏறத்தாழ 500 டாலர், விளக்கும் லாக்கரும் சேர்ந்தால் இன்னும் ஒரு முந்நூறு நானூறு. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் துப்பாக்கியில் பிடியுங்கள், வகுப்பில் வேண்டாம். முதல் வகுப்புக்குப் பிறகு மாதம் ஒருமுறை ஐம்பது ரவுண்டு போதும். திரும்பியதும் ஈயத் தூசி போகக் கை, முகம் கழுவி, சட்டையை மாற்றிவிட்டு மகளிடம் போங்கள். மனைவியும் அதே வகுப்புக்கு வர வேண்டும். தனக்கு இது வேண்டாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அவருக்கு 911 அழைப்பும் மகளும், லாக்கர் எண் உங்களிடம் மட்டும்.