சிவப்புப் பட்டியலில் அரிசியும் பாலும்: வயிறு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது, வாயு பிரிந்துகொண்டே இருக்கிறது. 90 உணவுகளுக்கான ‘ஃபுட் சென்சிட்டிவிட்டி’ ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். அரிசி, பால், கோதுமை, முட்டை, பூண்டு, துவரம்பருப்பு உட்பட 22 உணவுகளுக்குச் சிவப்பு நிறம் வந்தது. மூன்று மாதமாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். உப்புசம் பாதி குறைந்தது. ஆனால் 6 கிலோ இளைத்துவிட்டேன். எதை மறுபடி சாப்பிடலாம் டாக்டர்?
– வாசகி, திருப்பூர்

பதில்: அரிசியையும் முட்டையையும் இன்றே தொடங்குங்கள். முட்டை சாப்பிட்டுத் தடிப்போ வீக்கமோ உங்களுக்கு வந்ததில்லை என்றால் தயங்க வேண்டியதில்லை.

அந்தப் பரிசோதனை அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை. ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கான ஐஜிஜி ரத்தத்தில் இருப்பது இயல்பு. தினமும் சோறு சாப்பிடுகிறவருக்கு அரிசி சிவப்பாக வருவதில் வியப்பில்லை. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்குப் பாலைச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையில், பால் ஒத்துக்கொள்ளத் தொடங்கும்போது இந்த வகைப் புரதம் ஏறத்தான் செய்கிறது. அதாவது உடம்பு அந்த உணவை ஏற்றுக்கொண்டதற்கான அடையாளத்தை, ஏற்கவில்லை என்று படித்திருக்கிறார்கள். உணவு ஒவ்வாமையையோ ஒத்துக்கொள்ளாமையையோ கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008-லும், கனடாவின் சங்கம் 2012-லும் சொல்லிவிட்டன. தலைமுடியை அனுப்பிச் செய்யும் பரிசோதனைக்கு இந்த அளவு அடிப்படைகூடக் கிடையாது.

அப்படியானால் உப்புசம் ஏன் பாதி குறைந்தது? பட்டியலில் பால், கோதுமை, பூண்டு, பருப்பு நான்கும் இருந்தன. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகளால் நொதித்து வாயுவாகும் சர்க்கரைகள் இவற்றில் அதிகம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் இவற்றுக்கு ‘ஃபோட்மேப்’ என்று பெயர் வைத்து, உணவு வாரியாக அளந்திருக்கிறது. 22-ஐ நிறுத்தியதில் உங்களுக்கு ஆகாத ஒன்றிரண்டும் தற்செயலாகச் சேர்ந்து நின்றிருக்கலாம். அவை எவை என்று கண்டுபிடிக்கும் வழி, நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது. பலர் நிறுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். திரும்பச் சேர்ப்பதுதான் பரிசோதனையே.

அதற்கு முன் ஒன்று. மலத்தில் ரத்தம், ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் – இவற்றில் எது இருந்தாலும் உணவுச் சோதனையைத் தள்ளிவைத்துக் குடல் மருத்துவரிடம் போங்கள். எடைக் குறைவுக்கு உணவுக் கட்டுப்பாடு காரணமாக இருக்கலாம். சோறு சேர்த்தும் எடை ஏறாவிட்டால் அதையும் காட்ட வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை, மக்னீசியம் உள்ள அசிடிட்டி மருந்து எடுப்பவர்கள் உணவைக் குற்றம் சொல்லுமுன் அவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் வயிறு உப்பும்.

முதல் கட்டம் நான்கு வாரம். வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, ரவை, பால், துவரம்பருப்பு, சுண்டல் வகை, ஆப்பிள், மாம்பழம், தர்பூசணி, காலிஃபிளவர், காளான், சர்க்கரையில்லாத சூயிங்கம் இவை வேண்டாம். சோறு, முட்டை, மீன், கோழி, கேரட், கத்தரிக்காய், தக்காளி, கீரை, வெள்ளரி, ஆரஞ்சு, பப்பாளி எடுத்துக்கொள்ளலாம். சைவர்கள் வேகவைத்த பாசிப்பருப்பு கால் கப் வரை சேர்க்கலாம்.

இங்கே அதிகம் சறுக்குவது சாம்பாரில். வெங்காயத்தையும் பூண்டையும் தட்டில் ஒதுக்கிவிட்டுக் குழம்பைச் சாப்பிட்டால் பயனில்லை, ஏனென்றால் அவற்றிலுள்ள ஃபிரக்டான் என்ற ஃபோட்மேப் சர்க்கரை தண்ணீரில் கரைந்து குழம்பில் இறங்கிவிடும். எண்ணெயில் அது கரையாது. தண்ணீர் சேர்க்காமல் வெறும் எண்ணெயில் பூண்டை வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் வரும், உப்புசம் வராது. பாக்கெட் மசாலாக்களில் பூண்டுப்பொடி, வெங்காயப்பொடி இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு வாரத்தில், போனால் ஆறு வாரத்தில், எந்த மாற்றமும் இல்லையென்றால் இந்தச் சர்க்கரைகள் உங்கள் பிரச்சினைக்குக் காரணமல்ல. பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுங்கள்.

மாற்றம் தெரிந்தால் இரண்டாம் கட்டம். மற்றவற்றை நிறுத்தியபடியே, ஒரு உணவை மட்டும் மூன்று நாள் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பால் என்றால் 60, 120, 250 மி.லி. பூண்டு என்றால் கால் பல், அரைப் பல், ஒரு பல். சப்பாத்தி ஒன்று, இரண்டு, மூன்று. துவரம்பருப்பு வேகவைத்தது கால் கப், அரை கப், முக்கால் கப். நடுவில் தொந்தரவு அதிகமானால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த உணவுக்கு முன் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் முந்தைய உணவின் பழி அடுத்ததன் மேல் விழும்.

நோட்டில் உணவு, அளவு, நேரம், உப்புசத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், மலம் எப்படி, தூக்கம், மாதவிலக்கு நாள் எல்லாம் எழுதுங்கள். நேரம் முக்கியம். உணவு பெருங்குடலை எட்டப் பல மணி நேரமாகும். மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் உப்பினால், பல நேரம் காரணம் காலை டிபன்தான். அரைப் பல் பூண்டு ஒத்துக்கொண்டு ஒரு பல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உங்கள் எல்லை அரைப் பல். பூண்டையே விலக்க வேண்டியதில்லை.

கேள்வி: பால் குடித்தால் வயிற்றுப்போக்கு. தயிர், மோர் ஒன்றும் செய்வதில்லை. இது எப்படி? பரிசோதனை தேவையா?
– வாசகர், மதுரை

பதில்: பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி பெரியவர்கள் பலருக்குக் குறைந்துவிடுகிறது. தென்னிந்தியாவில் இது மிகச் சாதாரணம். தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியை உறைக் கிருமிகளே தின்றுவிடுகின்றன, மீதியைச் செரிக்கவும் குடலில் உதவுகின்றன. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பிறகு குடித்துப் பார்த்தாலே போதும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. லாக்டோஸ் கரைசலைக் குடித்தபின் மூச்சில் ஹைட்ரஜன் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அல்லது அதற்கு மேல் ஏறினால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று பொருள். நான்கு வாரத்துக்குள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் முடிவு தப்பாகும். முந்தைய இரவு வெறும் சோறு போன்ற எளிய உணவு, பிறகு 12 மணி நேரம் பட்டினி, அன்று புகைபிடிக்கக் கூடாது.

கேள்வி: சப்பாத்தி ஆகவில்லை என்று நிறுத்தி மூன்று மாதமாகிறது. சீலியாக் ரத்தப் பரிசோதனை ‘நெகட்டிவ்’. அப்படியானால் பசையத்தால் தொந்தரவு இல்லையா?
– வாசகர், சென்னை

பதில்: சீலியாக் என்பது கோதுமையிலுள்ள பசையம் (குளூட்டன்) என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய். கோதுமையை நிறுத்திவிட்டு எடுத்த டிடிஜி-ஐஜிஏ என்ற சீலியாக் ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. நிறுத்தினால் அந்த எதிர்ப்புப் புரதம் ரத்தத்திலிருந்து இறங்கிவிடும். தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சேர்த்து ஆறு வாரமாவது சாப்பிட்டபின், மொத்த ஐஜிஏ அளவுடன் சேர்த்து மறுபடி எடுங்கள். சீலியாக் உறுதியானால் கட்டிப் பெருங்காயம்கூட யோசிக்க வேண்டிய பொருள், அதில் மைதா கலப்பதுண்டு.

சீலியாக் வட இந்தியாவைவிடத் தெற்கில் மிக அரிது. உங்களுக்குக் காரணம் பசையமாக இல்லாமல், கோதுமையிலுள்ள ஃபிரக்டானாக இருக்கலாம். 2018-இல் வெளியான நார்வே ஆய்வில், பசையம் ஆகாது என்று தாங்களே ஒதுக்கிவந்த 59 பேருக்குப் பசையம், ஃபிரக்டான், இரண்டும் இல்லாதது என மூன்று வகைத் தானியக் கட்டிகளை எது எதுவென்று சொல்லாமல் ஏழேழு நாள் கொடுத்தார்கள். தொந்தரவு அதிகம் தந்தது ஃபிரக்டான்தான்.

கேள்வி: வேர்க்கடலை தின்றதும் என் மகனுக்கு உதடு வீங்கியது. வீட்டில் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: கூடாது. இது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தால் உடனே வரும் வகை ஒவ்வாமையாக இருக்கலாம், கொஞ்சமே ஆபத்தாகலாம். தோல் குத்துப் பரிசோதனையோ ஐஜிஇ ரத்தப் பரிசோதனையோ செய்ய ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டுங்கள். தோல் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே செட்டிரிசின் போன்ற மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும், எத்தனை நாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை கடலை மிட்டாய், கடலைச் சட்னி எதுவும் வேண்டாம். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் 108-ஐ அழையுங்கள். உடனே போட வேண்டியது அட்ரினலின் ஊசி.