கல்லூரியில் வகுப்புக்கு வெளியே செலவழித்த நேரம் உண்மையிலேயே பயன்பட்டதா, வீணா?

கேட்டவர் அநேகமாக முதல் வருடமோ இரண்டாம் வருடமோ படிப்பவராக இருப்பார். வீட்டில் "சி.ஜி.பி.ஏ.வைப் பார், மற்றதெல்லாம் சோறு போடாது" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், 7 நாள் கிராம முகாம், கடைசியில் ஒரு சான்றிதழ். உண்மையைச் சொன்னால், அதில் நான் கற்றது பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது மட்டும்தான். என்னை உலுக்கி எடுத்தது விடுதி மெஸ்.

எங்களுடையது அரசுக் கல்லூரி விடுதி. 320 பேர், டிவைடிங் சிஸ்டம். தெரியாதவர்களுக்கு: மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கிடையாது. அரிசி, மளிகை, காய், பால், கேஸ் என்று அந்த மாதம் ஆன மொத்தச் செலவை, எல்லோரும் சாப்பிட்ட நாள்களைக் கூட்டி அதனால் வகுப்பார்கள். வருவது ஒரு நாள் ரேட். நீங்கள் 25 நாள் இருந்திருந்தால் அதை 25-ஆல் பெருக்கிக் கட்ட வேண்டும். கொள்முதலைப் பார்ப்பது மாணவர்களேதான், மாதத்துக்கு இரண்டு மெஸ் ரெப்.

2011 ஜனவரிக்கு நான் மாட்டினேன். கூட்டத்தில் யாரும் கை தூக்கவில்லை. யாராவது தூக்குகிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு 6 நாள் விடுதியில் முக்கால்வாசிப் பேர் இல்லை. பால்காரரிடமும் காய்கறிக் கடையிலும் அளவைக் குறைக்கச் சொல்வது ரெப்பின் வேலை. இன்னொருவன் சொல்லியிருப்பான் என்று நான் பஸ் ஏறிவிட்டேன். நான் சொல்லியிருப்பேன் என்று அவன் ஏறியிருக்கிறான். 6 நாளும் 320 பேருக்கான பால், தயிர், முட்டை, காய் எல்லாம் வந்து இறங்கியிருக்கிறது. திரும்பி வந்து ஸ்டோர் ரூமைத் திறந்தால் முட்டைக்கோஸ் மூட்டை அழுகி, அடியில் பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. சமையல் மாஸ்டர் கரண்டியால் அதைக் காட்டி, "தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே" என்றார்.

மாதக் கடைசியில் ரேட் போட்டோம். டிசம்பரில் 46 ரூபாய், இப்போது 51. எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. அது வெங்காய விலை நாடு முழுக்க எகிறிக் கிடந்த நேரம். 2010 டிசம்பரில் மத்திய அரசு ஏற்றுமதியையே நிறுத்தியிருந்தது. விடுதிக் கூட்டத்தில் எழுந்து, "வெங்காயம்தான் காரணம், நாங்க என்ன பண்றது" என்றேன். நாலு பேர் தலையாட்டினார்கள். அப்பாடா என்று உட்காரப் போனேன்.

முதல் வருடப் பையன் ஒருவன் பில் கட்டைக் கேட்டு வாங்கினான். அரியலூர்ப் பக்கத்துப் பையன். அதுவரை அவன் குரலையே நான் கேட்டதில்லை. செல்போனில் ஏதோ தட்டிக் கணக்குப் போட்டுவிட்டு, "அண்ணா, வெங்காயத்துக்கு ரெண்டு ரூபா போகட்டும். மீதி மூணு ரூபா?" என்றான்.

சொல்லிவிட்டேன். அப்புறம் அரை மணி நேரம் விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

கூட்டம் கலைந்தபின் அவன் தனியாக வந்தான். "கூடுதலா வர்ற பணத்தை மட்டும் அடுத்த மாசம் கட்டலாமாண்ணா?" என் தப்பால் அவன் தலையில் விழுந்தது ஏறக்குறைய 80 ரூபாய். எனக்கு அது ஒரு படமும் இடைவேளை பப்ஸும். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே "கட்டலாம்" என்றேன்.

பிப்ரவரிக்கும் நானே ரெப் என்று கேட்டு வாங்கினேன். விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போனேன். சின்ன வெங்காயத்துக்குப் பெரம்பலூர், கேரட்டுக்கு ஊட்டி என்று எது எங்கிருந்து வருகிறது, எந்தக் கடையில் எடை சரியாக இருக்கும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. தினமும் சாயங்காலம் அன்றைய பில்லை மெஸ் கதவில் ஒட்டினேன். ரேட் 47-க்கு இறங்கியது. வெங்காயம் இறங்கியதும் ஒரு காரணம் என்று யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

மெஸ் பார்த்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று நான் சொன்னதாகத் திரித்துவிடாதீர்கள். அந்த செமஸ்டரில் எனக்கு ஒரு அரியர் விழுந்தது. அதற்கு மெஸ் காரணமில்லை, நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். "விடுதியில் இருந்தவனுக்குத்தான் இதெல்லாம்" என்று டே ஸ்காலர்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். பெண்கள் விடுதியில் மாலை ஆறரைக்கே கேட்டைப் பூட்டினார்கள். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போன கதையை அவர்களிடம் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது, காஷன் டெபாசிட். சேரும்போது 3000 ரூபாய் கட்டினேன். படித்து முடித்தபின் அதைத் திரும்ப வாங்க நாலு முறை போனேன். பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் நோ டியூஸ் படிவத்தில் ஒன்பது கையெழுத்து, ஒன்பதாவது ஆள் எப்போதும் லீவு. கடைசியில் "அசல் ரசீது எங்கே?" என்றார்கள். நாலு வருடம் எவன் ரசீதை வைத்திருப்பான்? அந்த அரியலூர்ப் பையன் வைத்திருந்தான். பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டியின் அடியில் வைத்திருந்ததை எடுத்து நீட்டி, 3000-ஐயும் எண்ணி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.