மொட்டைமாடியில் ஒரு கரோக்கி மாலை

கேள்வி: எங்கள் திருமண நாளன்று இரண்டு நண்பர் தம்பதியரை அழைத்து, மொட்டைமாடியில் கரோக்கி நடத்த விரும்புகிறேன். கணவரோ, ‘எனக்குச் சுருதி சேராது’ என்று தயங்குகிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஜப்பானிய மொழியில் கரோக்கி என்றால் ‘வெற்று வாத்தியக்குழு’ என்று பொருள், 1971-இல் கோபே நகரில் டைசுகே இனோவே பின்னணி இசையை ஒலிக்கும் கரோக்கிக் கருவியை வாடகைக்கு விட்டதே, பாடகர் அல்லாதவரும் பாடுவதற்காகத்தான். உங்கள் கணவரின் தயக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் குரல் அன்று, கட்டை (பாட்டின் சுருதி உயரம்); மூலப்பாடகரின் உச்சத்தை எட்ட முயலாமல், கரோக்கிச் செயலியில் சுருதியை இரண்டு படி இறக்கிவிட்டு, முதல் பாட்டை எல்லோரும் சேர்ந்தே பாடுங்கள். பிறகு ஜோடிப் பாடல்களில் கணவர் வரியை மனைவியும், மனைவி வரியை கணவரும் பாடட்டும். அங்கேதான் சிரிப்பு தொடங்கும். புளூடூத் ஸ்பீக்கரில் குரல் சற்றுப் பிந்தி வருமாதலால், மைக்கை ஒயரிலேயே இணையுங்கள். அல்வாவைப் பாட்டு முடியும்வரை கண்ணில் காட்டாதீர்கள் (நெல்லையில் இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை). நெய் தொண்டையில் படிந்தால் பாடச் சங்கடமாக இருக்கலாம், அதுவரை சுக்குக் காப்பி போதும். இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை உண்டு என்பதால், ஆறரைக்கே தொடங்கிவிடுங்கள். அடுத்த வீட்டாரையும் ஒரு பாட்டுக்கு அழைத்துவிடுங்கள்.